குளத்துத் தண்ணீர் கலங்கலா? மருந்து ஊற்றுமுன் ஒரு பாட்டில் மொண்டு வையுங்கள்

"அண்ணே, குளம் பச்சையா ஆயிடுச்சு. என்ன மருந்து ஊத்தலாம்?"

தோட்டத்தில் சின்னதாகக் குளம் வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்த ஒரே கேள்விதான். பதிலுக்கு நானும் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: தண்ணீரைப் பாட்டிலில் மொண்டு வைத்துப் பார்த்தீர்களா? பார்த்திருக்கவே மாட்டார்கள். மருந்து மட்டும் ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பார்கள்.

கலங்கல் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். ஆனால் பச்சைக் கலங்கலுக்குச் செய்யும் வைத்தியம் சேற்றுக் கலங்கலுக்கு உதவாது. இலைச்சாறு இறங்கிய தண்ணீருக்கு யூவி (புற ஊதாக் கதிர்) விளக்கு போட்டால் கரண்ட் பில்தான் ஏறும். வெள்ளைக் கலங்கலுக்குப் பாசிக்கொல்லி ஊற்றினால் மறுநாள் காலையில் மீன் மிதக்கும். அதனால் எது கலக்குகிறது என்று தெரிந்துகொள்வதுதான் பாதி வேலை.

லேபிளைக் கிழித்துவிட்டு, நிறமில்லாத ஒரு பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் மொண்டால் சருகும் படலமும் சேர்ந்து வந்துவிடும். கையை முழங்கை வரை விட்டு, நடுத் தண்ணீரில் பாட்டிலைத் திறந்து நிரப்புங்கள். வெயில் படாத இடத்தில் ஒரு நாள் ஆட்டாமல் வையுங்கள். மறுநாள் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்துப் பாருங்கள். அடியில் மண் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது சேறு. பச்சை பெரும்பாலும் அப்படியே நின்றால் மிதக்கும் பாசி. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்து நிறம் மட்டும் பழுப்பாக இருந்தால் இலைச்சாறு. பச்சையும் இல்லாமல், பழுப்பும் இல்லாமல், சுண்ணாம்பு கரைத்தது போல மங்கலாக நின்றால் அநேகமாகப் பாக்டீரியா. மிக நுண்ணிய களிமண் மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். அது நாள்கணக்கில் படியாமல் நின்று இலைச்சாறு போலவே தோன்றும். இருட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் நேராக மறுபக்கம் போனால் சாறு. பாட்டிலுக்குள்ளேயே சிதறிப் புகைபோலத் தெரிந்தால் களிமண்.

பாட்டில் ஒரு நாள் நிற்கட்டும். அதற்குள் குளத்தின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுவிடுங்கள். நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம் என்றால் 3,600 லிட்டர். அடியில் அளந்தவர்கள் கன அடிக்கு 28.3 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். மோட்டார், விளக்கு, மருந்து எல்லாமே இந்த எண்ணை வைத்துத்தான். குத்துமதிப்பாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்கிறார்கள், ஏனென்று தெரியவில்லை. ஒருவர் பத்தாயிரம் லிட்டர் என்றார். டேப் பிடித்துப் பார்த்தால் நாலாயிரம்கூட வரவில்லை. அவர் பத்தாயிரத்துக்கான மருந்தை ஊற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறது

இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது ஒன்றுதான் காத்திருக்காது. தண்ணீர் என்ன நிறத்தில் இருந்தாலும் சரி, விடியற்காலையில் மீன்கள் மேற்பரப்பில் வந்து வாய் வாயாக அள்ளினால், அருவி விழும் இடத்தில் கூட்டமாக நின்றால், ஆக்சிஜன் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

பாசி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் அதுவே எடுத்துக்கொள்ளும். அதனால் சூரியன் எழுவதற்குச் சற்று முன்தான் ஆக்சிஜன் ஆகக் குறைவாக இருக்கும். போதாததற்கு வெயில் காலம் வேறு. 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் அது 7.5-க்கு இறங்கிவிடும். பாசியும் மீனும் சகதியும் இருப்பதைப் பங்குபோட வேண்டியதுதான்.

உடனே ஏர் பம்ப் போடுங்கள். இல்லையென்றால் மோட்டார் பைப்பை மேலே தூக்கி, தண்ணீர் உயரத்திலிருந்து சிதறி விழும்படி கட்டுங்கள். இரவு முழுக்க ஓடட்டும். கரண்டை மிச்சப்படுத்த ராத்திரி மோட்டாரை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். பச்சைக் குளத்தில் அது மிகத் தவறான நேரம். அன்றைக்குத் தீனி வேண்டாம். பாசிக்கொல்லி நிச்சயம் வேண்டாம். செத்த பாசி அழுகும்போது மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

தண்ணீரே பச்சை, கையை விட்டால் மணிக்கட்டு தெரியவில்லை

இதுதான் பெரும்பாலோருக்கு வருவது. பச்சைப் பெயின்டைக் கரைத்துவிட்டது போலிருக்கும். தொட்டால் கையில் எதுவும் ஒட்டாது. குளோரெல்லா மாதிரியான ஒற்றைச் செல் பாசிகள் கோடிக்கணக்கில் மிதப்பதுதான் இந்தப் பச்சை. ஒரு செல் 2 முதல் 10 மைக்ரான்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). ஃபில்டர் ஸ்பாஞ்சின் ஓட்டை அதற்கு ஊர்வாசல் மாதிரி. எத்தனை முறை சுற்றினாலும் போய்விட்டு வந்துகொண்டே இருக்கும். ஃபில்டர் சரியில்லை என்று புது ஃபில்டர் வாங்குபவர்கள் கவனிக்கவும்.

இங்கே என் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முதல் குளம் கட்டிய மூன்றாம் மாதம் இப்படித்தான் பச்சையானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மொத்தத் தண்ணீரையும் இறைத்துக் கொட்டினேன். குளத்துக்குள் விரித்திருந்த லைனர் ஷீட்டைத் தேய்த்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து, பழுப்புத் தண்ணீர் நின்று புதுசு மாதிரி ஆகும்வரை அலசினேன். குழாய்த் தண்ணீரை நிரப்பி மீனை விட்டேன். அன்று சாயங்காலம் அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றையும் எண்ணலாம் போலிருந்தது. ஐந்தாம் நாள் இரண்டு மீன் போனது. பன்னிரண்டாம் நாள் பழைய பச்சை அப்படியே திரும்பி வந்தது.

நடந்தது இதுதான். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் அந்தப் பழுப்பு வழுவழுப்பில்தான் குடியிருந்தன. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொன்றது. மிச்சமிருந்தவற்றை நான் பிழிந்து சாக்கடைக்கு அனுப்பினேன். அவை மறுபடி குடியேறக் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், குளிர் காலத்தில் இன்னும் கூடும். அதுவரை அம்மோனியா ஏறியது, மீன் செத்தது. பாசிக்கோ புதுத் தண்ணீர், தடையில்லாத வெயில், போட்டிக்கு ஒரு செடியும் இல்லை. இதைவிட நல்ல விருந்து யார் வைப்பார்கள்?

ஆகவே குளத்தைக் காலி செய்யாதீர்கள். செய்ய வேண்டியவை இந்த வரிசையில்:

முதலில் தீனி. பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் குளத்துக்குள் வருவதில் பெரும்பங்கு நாம் கையால் போடுகிற தீனி வழியாகத்தான் வருகிறது. மூன்று நான்கு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கிற அளவுதான் ஒரு வேளைக்கு. மிதந்து நிற்பதை வலையால் எடுத்துவிடுங்கள். தெளிகிற வரை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும், நல்ல உடம்போடு இருக்கும் மீன் அதனால் இளைத்துவிடாது. மீன் எண்ணிக்கையையும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள். கோய் எனும் வண்ணக் கெண்டை வாங்கும்போது விரல் நீளம்தான். வளர்ந்தால் முழங்கை நீளம் தாண்டும். சின்னக் குளத்தில் அது மாட்டுக்கொட்டகையைக் குளியலறையில் கட்டுவது போல.

அடுத்தது நிழல். நீர்ப்பரப்பில் பாதி, முடிந்தால் அதற்குச் சற்று மேல், இலையால் மூடியிருக்க வேண்டும். அல்லியும் தாமரையும் நிழலைத் தரும். தண்ணீருக்குள்ளேயே மூழ்கி வளர்கிற ஹைட்ரில்லா போன்றவை பாசிக்குப் போக வேண்டிய சத்தைப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டு வகையும் வேண்டும். ஆகாயத்தாமரை வேகமாகச் சத்தை இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை வாரம் ஒருமுறை அள்ளி உரக்குழியில் போடுவதற்குத் தயாராக இருந்தால் மட்டும் விடுங்கள், ஓடையிலோ ஏரியிலோ ஒரு துண்டுகூடப் போய்ச் சேரக்கூடாது. செடி வளரும்வரை நிழல் வலை கட்டினாலும் பலன் தெரியும். பார்க்க அழகாக இராது, அவ்வளவுதான்.

மூன்றாவது யூவி. 254 நானோமீட்டர் புற ஊதாக் கதிர் வழியாகத் தண்ணீரை ஓட்டும்போது பாசிச் செல் சேதமாகி, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகும். திரண்டதை ஸ்பாஞ்ச் பிடித்துவிடும். சரியான அளவு விளக்கு என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் சத்து எங்கும் போகவில்லை என்பதை நினைவில் வையுங்கள். பிடிபட்ட பாசியை ஸ்பாஞ்சிலேயே அழுக விட்டால் அது மறுபடி தண்ணீரில்தான் கரையும். தெளியும் நாட்களில் ஸ்பாஞ்சை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, ஒரு வாளிக் குளத்துத் தண்ணீரிலேயே லேசாக முக்கி எடுங்கள். அழுக்கு போனால் போதும், வெள்ளை வெளேரென்று ஆக வேண்டாம்.

பாசி தின்னும் மீன், நத்தை விட்டால் சரியாகிவிடும் என்று சொல்லித் தருவார்கள். அவை கல்லில் படிந்ததைச் சுரண்டும். மிதக்கும் பச்சையை அவை தொடுவதில்லை. டாஃப்னியா எனும் நீர்த்தெள்ளுப்பூச்சி உண்மையாகவே இந்தப் பச்சையை வடிகட்டித் தின்னும். மீன் உள்ள குளத்தில் விட்டால் அதை மீன் தின்னும். கதை முடிந்தது.

யூவி எரிகிறது, பச்சை மட்டும் போகவில்லை

நீல வெளிச்சம் தெரிகிறதே என்று நம்பிவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரிகிற நீலம் வேறு, பாசியைத் தாக்கும் கதிர் வேறு. விளக்கு ஏறக்குறைய ஓராண்டு தொடர்ந்து எரிந்தபின், நீலம் அப்படியே இருக்கும்போதே கதிரின் வலு இறங்கிவிடும். பல்பில் மாட்டிய தேதியை மார்க்கரில் எழுதி வைப்பது என் பழக்கம்.

தேதி சரியாக இருந்தால், கரண்டை அணைத்துவிட்டு உள்ளே பல்பை மூடியிருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடிக் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உப்புத்தண்ணீர் ஊரில் இருந்து ஒருவர் கொண்டுவந்த குழாயில் வெள்ளையாக உப்பு ஏறி, பழைய ஜன்னல் கண்ணாடி மாதிரி இருந்தது. வினிகரில் அரைமணி ஊறவைத்துத் துணியால் துடைத்தோம். வேறு எந்த மாற்றமும் செய்யவில்லை. பத்தாம் நாள் அவருடைய குளம் தெளிந்தது. எரிகிற விளக்கை நேராகக் கண்ணால் பார்க்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதுவும் சரியென்றால் ஓட்டத்தைப் பாருங்கள். மொத்தத் தண்ணீரும் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும். மோட்டார் டப்பாவில் போட்டிருக்கும் மணிக்கு இத்தனை லிட்டர் என்பது தண்ணீரை மேலே தூக்காமல் எடுத்த கணக்கு. அருவிக்கு ஒன்றரை மீட்டர் ஏற்றினால் சிறிய மோட்டார்களில் பாதிகூட வராது. பைப் வாயில் பத்து லிட்டர் வாளியைப் பிடித்து, நிரம்ப எத்தனை வினாடி என்று பாருங்கள். 36,000-ஐ அந்த வினாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 20 வினாடி என்றால் 1,800. நம் 3,600 லிட்டர் குளத்துக்கு அதுதான் கடைசி எல்லை. எதிர்ப்பக்கமும் உண்டு: விளக்கு சின்னதாக இருந்து தண்ணீர் சீறிக்கொண்டு போனால், செல்லின் மேல் கதிர் படும் நேரம் போதாது. விளக்கின் அட்டையில் அதிகபட்ச ஓட்டம் போட்டிருக்கும், அதைத் தாண்டாதீர்கள்.

தண்ணீர் தெளிவு, ஆனால் நூல் நூலாகப் பாசி

யூவியால் இதற்குப் பயனில்லை. நூல்பாசி கல்லையும் செடித்தண்டையும் பிடித்துக்கொண்டு வளர்வது. விளக்கு வழியாக அது போவதே இல்லை. சொல்லப்போனால் மிதக்கும் பச்சையை விரட்டித் தண்ணீர் தெளிந்தபிறகு, வெயில் அடிவரை இறங்குவதால் நூல்பாசி செழிப்பதுதான் வழக்கம். ஒன்று போய் ஒன்று வந்ததே என்று நொந்துகொள்ளாதீர்கள். சத்து அங்கேயே இருக்கிறது, தின்கிற ஆள்தான் மாறியிருக்கிறது.

கையில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். ஈரத் தலைமுடி மாதிரி வழுக்கிக்கொண்டு போனால் ஸ்பைரோகைராவாக இருக்கலாம். நனைந்த பஞ்சுபோல சொரசொரவென்று கிளைத்திருந்தால் கிளாடோஃபோராவாக இருக்கலாம். முதலாவது சுலபமாக வரும். இரண்டாவது கல்லோடு ஒட்டிக்கொண்டு மல்லுக்கட்டும்.

மருந்தைவிடக் கைதான் இதற்கு நல்லது. சொரசொரப்பான ஒரு குச்சியை விட்டு, நூற்கண்டு சுற்றுவது போலத் திருப்பித் திருப்பிச் சுற்றி இழுங்கள். ஒரே இழுப்பில் வாளி நிறைய வரும். அள்ளியதைக் கரையிலேயே ஒரு இரவு வைத்தால் உள்ளே சிக்கிய தட்டான் குஞ்சு, நத்தை எல்லாம் தண்ணீருக்குத் திரும்பிவிடும். பிறகு உரக்குழி. இப்படி வெளியே எடுக்கும் ஒவ்வொரு வாளியும் குளத்திலிருந்து நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நிரந்தரமாக வெளியேற்றுகிறது. மருந்தடித்துக் கொன்றால் அவை அடியிலேயே தங்கும்.

பார்லி வைக்கோல் கட்டிப் போடுவது பற்றிக் கேட்பார்கள். அது அழுகத் தொடங்கி ஏதாவது பலன் தர வாரக்கணக்கில் ஆகும், அதுவும் புதிதாக வளர்வதை ஓரளவு மட்டுப்படுத்தும், இருப்பதை அழிக்காது. எல்லாக் குளத்திலும் ஒரேமாதிரி வேலை செய்வதும் இல்லை. தாமிரம் கலந்த பாசிக்கொல்லிகள் நத்தையைக் கொல்லும், கடினத்தன்மை குறைந்த தண்ணீரில் மீனையும் கொல்லும். கட்டாயம் ஊற்றித்தான் தீருவேன் என்பவர்கள் முதலில் கையால் அள்ளி முடித்துவிட்டு, ஏர் பம்ப்பை ஓடவிட்டு, குளத்தில் ஒரு பகுதிக்கு மட்டும் ஊற்றுங்கள்.

பழுப்புச் சேறு

பாட்டிலில் மண் படிந்ததா? அப்படியானால் குளத்துக்குள் யாரோ கிளறுகிறார்கள், அல்லது வெளியிலிருந்து மண் இறங்குகிறது. கோய், கெண்டை இனங்கள் அடியைத் துழாவியே வாழ்பவை. செடித்தொட்டி மண்ணின்மேல் அவற்றின் வாயில் நுழையாத அளவுக் கூழாங்கல்லை இரண்டங்குலம் பரப்புங்கள். மோட்டார் அடித்தரையிலேயே உட்கார்ந்திருந்தால் ஒரு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். இந்த ஒரு செங்கலே பல குளங்களைத் தெளியவைத்திருக்கிறது.

மழை பெய்த மறுநாள் மட்டும் கலங்கினால் கரையைப் பாருங்கள். குளத்தின் விளிம்பு சுற்றுத்தரையைவிட நாலு விரல் உயரமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புல்தரைக்குப் போட்ட உரமும் மண்ணோடு சேர்ந்து வந்து, அடுத்த வாரம் பச்சைக்கும் வழி செய்யும்.

படியாத களிமண்ணுக்குப் படிகாரம் வேலை செய்யும். துகள்களைத் திரட்டி அடியில் இறக்கிவிடும். ஆனால் தண்ணீரின் பிஹெச்சையும் (அமில-கார அளவு) சேர்த்து இறக்கும், காரத்தன்மை குறைந்த தண்ணீரில் சட்டென்று இறங்கி மீனைத் தாக்கும். ஒரு வாளியில் சோதித்து, முன்னும் பின்னும் பிஹெச் பார்த்த பிறகே குளத்தின் பக்கம் போங்கள்.

கண்ணாடிபோலத் தெளிவு, நிறம் மட்டும் பழுப்பு

ஊறிய இலையிலிருந்தும் மரத்துண்டிலிருந்தும் இறங்கும் டானின். மீனுக்கு இதனால் பொதுவாகக் கெடுதல் இல்லை. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அடியில் கிடக்கும் இலையை அள்ளிவிட்டு, ஆக்டிவேட்டட் கார்பன் ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டரில் போடுங்கள். சில வாரத்தில் கார்பனின் பிடிப்பு தீர்ந்துவிடும், மாற்ற வேண்டும். இலை உதிரும் காலத்தில் குளத்தின்மேல் வலை விரித்தால் இந்த வேலையே இல்லை.

சுண்ணாம்பு கரைத்தது போல வெள்ளை மங்கல்

புதுக்குளத்தில் முதல் சில வாரங்களில் இது வரும், தானாகவே போகும். பழைய குளத்தில் திடீரென வந்தால் எங்கோ ஏதோ அழுகுகிறது. செடித்தொட்டிக்குப் பின்னால் செத்த மீன் கிடக்கலாம், தீனி மூட்டையிலிருந்து பிள்ளைகள் தாராளமாக அள்ளிப் போட்டிருக்கலாம், யாராவது ஃபில்டரைக் குழாயில் அலசியிருக்கலாம். அழுகலைத் தின்று பெருகிய பாக்டீரியாதான் அந்த வெள்ளை. அதற்கும் ஆக்சிஜன் வேண்டும், எனவே காற்று ஊதுவதை நிறுத்தாதீர்கள்.

இங்கே அம்மோனியா டெஸ்ட் கிட் அவசியம். பூஜ்யத்துக்கு மேல் காட்டினாலே தீனியை நிறுத்தி, 10 முதல் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். பிஹெச்சும் சேர்த்துப் பாருங்கள். பிஹெச் 7-லிருந்து 8-க்கு ஏறினால் அம்மோனியாவில் நச்சான பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும். பாசி மண்டிய குளத்தில் காலையில் ஒரு பிஹெச், மாலையில் வேறொரு பிஹெச் இருக்கும். காலையில் மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாகத் தூங்கக்கூடாது. பூச்சு போட்ட புதுச் சிமென்ட் குளம் என்றால் சுண்ணாம்பு கசிந்தும் பிஹெச் ஏறும், அதையும் சந்தேகப்படுங்கள்.

அடியில் கறுப்புச் சகதி, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம்

ஆக்சிஜன் இல்லாத சகதியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்பைடு. நாற்றமடிக்கிறதே என்று ஒரே நாளில் மண்வெட்டியோடு இறங்காதீர்கள். கிளறிவிட்ட சகதி தண்ணீரில் பரவினால் மீன் மணிக்கணக்கில்கூடத் தாங்காது. ஒருமுறைக்கு நாலில் ஒரு பங்குப் பரப்பு, அதுவும் மெல்லிய வலையாலோ குளத்துக்கான வேக்குவமாலோ உறிஞ்சி எடுங்கள். இரண்டு வாரம் கழித்து அடுத்த பங்கு. பக்கத்திலேயே ஏர் பம்ப்பில் மாட்டிய குமிழிக்கல் (ஏர் ஸ்டோன்) ஓடட்டும். சகதி மிகக் கனமாக இருந்தால் மீனைப் பழைய குளத்துத் தண்ணீர் நிரப்பிய தொட்டிக்கு மாற்றிவிட்டுச் செய்வதே மேல். எடுத்த சகதி பூச்செடிக்கு அருமையான உரம்.

மேலே எண்ணெய்ப் படலம், நுரை

குச்சியால் படலத்தைக் கீறுங்கள். கண்ணாடித் துண்டு மாதிரி உடைந்து அப்படியே நின்றால் இரும்பு பாக்டீரியா, பயமில்லை. உடனே ஒன்றுசேர்ந்தால் எண்ணெய், எங்கிருந்து கசிகிறது என்று தேடுங்கள். அருவிக்கடியில் நிற்கும் நுரை பெரும்பாலும் கரைந்த புரதம். தீனியைக் குறைத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். மீன் முட்டையிட்ட மறுநாளும் நுரைக்கும்.

நீலப்பச்சைப் பெயின்ட் கொட்டியது போல ஏடு

இது மட்டும் வேறு விவகாரம். காற்றடிக்கும் மூலையில் ஏடாக ஒதுங்கி, காய்ந்த இடத்தில் நீலமாகத் தெரிந்தால் நீலப்பச்சைப் பாசி என்று சொல்லப்படும் சயனோபாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். சில வகைகள் மைக்ரோசிஸ்டின் போன்ற நஞ்சை விடும். குடித்த நாய்கள் செத்திருக்கின்றன. ஒரு குச்சியை விட்டுத் தூக்குங்கள். நூலாகத் தொங்கினால் சாதாரண நூல்பாசி. பெயின்டில் முக்கியது போலக் குச்சி நிறம் பூசிக்கொண்டு வந்தால் அதைச் சயனோ என்றே வைத்துக்கொண்டு நடங்கள். குழந்தைகளையும் வளர்ப்புப் பிராணிகளையும் கிட்டே விடாதீர்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அந்தத் தண்ணீரைக் காய்கறிச் செடிக்கு ஊற்றாதீர்கள். பாசிக்கொல்லி அடித்தால் செல் உடைந்து நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் கலக்கும். ஏட்டை வலையால் வழித்து எடுத்து, தண்ணீரை ஓட விட்டு, நிழல் போடுவதே வழி. நாய் குடித்துவிட்டுத் தள்ளாடினால் கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், காத்திருக்காதீர்கள்.

தெளிந்தது, இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது

அப்படியென்றால் நீங்கள் ஊற்றுகிற தண்ணீரையே சோதியுங்கள். வெயிலில் வற்றுவதை ஈடுகட்ட வாரா வாரம் குழாயைத் திறந்துவிடுகிறோம். ஆவியாகப் போவது சுத்தத் தண்ணீர், குழாயில் வருவது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கலந்தது. தண்ணீர் போய்விடும், சத்து மட்டும் தங்கிச் சேர்ந்துகொண்டே இருக்கும். குழாய்த் தண்ணீரில் நைட்ரேட் அதிகம் காட்டினால் கூரையில் விழும் மழைநீரைப் பிடித்து ஊற்றுங்கள். குழாய்தான் கதி என்றால் அதைத் திறந்த தொட்டியில் ஒருநாள் வெயிலில் வைத்துக் குளோரினைப் போக்குங்கள். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமினைக் கலக்கும் ஊர்களில் வெயிலில் வைப்பது உதவாது, சோடியம் தயோசல்பேட் கலந்த குளோரின் நீக்கி வேண்டும். அது குளோரமினை உடைக்கும்போது கொஞ்சம் அம்மோனியா வெளிவரும் என்பதால், ஒரேயடியாக ஊற்றாமல் சிறுகச் சிறுக ஊற்றுங்கள்.

தெளிகிறதா இல்லையா என்று தினம் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பழைய வெள்ளைத் தட்டில் கயிறு கட்டி, அடியில் ஒரு கல்லைத் தொங்கவிட்டுத் தண்ணீரில் இறக்கி, தட்டு கண்ணைவிட்டு மறைகிற இடத்தில் கயிற்றில் முடிச்சுப் போடுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே நேரத்தில், அதே மூலையில். என் கயிற்றில் முதல் முடிச்சு 12 சென்டிமீட்டரில் இருந்தது. ஏழாவது முடிச்சுக்குத் தட்டு தரையில் போய் உட்கார்ந்துவிட்டது, முடிச்சுப் போட இடமில்லை.